கட்டற்ற இணையக் கருவிகள்

ஆக்கம், பகிர்வு, கற்பித்தல் ஆகிய பணிகளுக்கென இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும் மென்பொருட்களும் சேவைகளும் பொதுவாக இலவச இணையக் கருவிகள் எனப்படுகின்றன. இவற்றுள் மூலநிரல் திறந்தனவாகவும், எவரும் நிறுவவும் மாற்றவும் பகிரவும் உரிமை தருவனவாகவும் உள்ளவையே கட்டற்ற இணையக் கருவிகள் ஆகும். "கட்டற்ற" என்பது இங்கு விலையின்மையைக் குறிப்பதன்று, பயன்படுத்துவோரின் உரிமையைக் குறிப்பது.

இலவசமும் கட்டற்றதும்

இவ்விரண்டும் ஒன்றெனவே பெரும்பாலும் கருதப்படுகின்றன. ஒரு சேவை மூடப்படும்போதுதான் வேறுபாடு புலனாகிறது. தமிழர் பலர் தம் தொடக்ககால இணையப் பக்கங்களை அமைத்திருந்த யாகூவின் ஜியோசிட்டீசு 2009 அக்டோபர் 26 அன்று மூடப்பட்டது. படியெடுத்து வைக்கப்படாத பக்கங்கள் பல அத்துடன் மறைந்தன. ஆசிரியர்கள் பாடக்குறிப்புகளைச் சேர்த்து வைத்த விக்கிஸ்பேசசு தளத்தின் வகுப்பறைப் பகுதியும் 2018 இல் நிறுத்தப்பட்டது.

காணொளிச் சந்திப்புக்கான ஜிட்சி இதற்கு மாறானது. அதன் பொதுத்தளத்தில் சந்திப்பைத் தொடங்குபவர் புகுபதிகை செய்யவேண்டும் என்ற விதி 2023 ஆகத்து மாதம் வந்தது. ஆயினும் அதன் மூலநிரல் கட்டற்றதாதலால், விரும்பும் குழு தன் சொந்த வழங்கியில் அதை நிறுவி முன்போலவே நடத்த இயலும்.

தமிழ்ச் சூழல்

1998 ஆம் ஆண்டுப் பொங்கலன்று கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம் இத்துறையில் தமிழரின் முன்னோடி முயற்சியாகும். பல நாடுகளிலுள்ள தன்னார்வலர்கள் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் வெளியிட்டனர். அத்திட்டத்தின் முதல் எண்ணைக் கொண்ட மின்னூல் திருக்குறள் ஆகும். முகப்புப் பக்கத்தை நீக்காமல் எவரும் படியெடுத்து வழங்கலாம் என்பது அதன் நெறி. எழுத்துக் குறிமுறை திஸ்கியிலிருந்து ஒருங்குறிக்கு மாறிய பின்னும் அந்நூல்கள் நிலைத்தன.

காஞ்சிபுரத்தின் பெயரைத் தாங்கிய காஞ்சி லினக்சு பயனர் குழு, கட்டற்ற மென்பொருட்கள் குறித்துத் தமிழிலேயே இணையவழிக் கலந்துரையாடல்களை நடத்துகிறது. இச்சூழலைச் சார்ந்த கணியம் மின்னிதழ் 2012 இலும், படைப்பாக்கப் பொதும உரிமங்களில் மின்னூல்களை வெளியிடும் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் 2013 இலும் தொடங்கின.

உரிமச் சிக்கல்கள்: திருப்புட்குழி எடுத்துக்காட்டு

காஞ்சிபுரத்தை அடுத்த திருப்புட்குழியில், 108 திவ்விய தேசங்களுள் ஒன்றான விசயராகவப் பெருமாள் கோயில் உள்ளது. சடாயுவின் ஈமக்கடனை இராமன் செய்த இடம் என்பது தலபுராணம். இவ்வூரைப் பற்றி ஒரு மாணவர் படத்தொகுப்பு உருவாக்குவதாகக் கொள்வோம். பொதுமக்கள் செல்லக்கூடிய இடத்தில் நிலையாக அமைந்த சிற்பத்தையும் கட்டடத்தையும் படமெடுத்து வெளியிட 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு இடமளிக்கிறது. எனவே கோபுரத்தின் படத்தை விக்கிமீடியா பொதுவகத்தில் தடையின்றி ஏற்றலாம். (சன்னதிகளுக்குள் படமெடுக்கக் கோயில் நிருவாகம் தடை விதித்திருந்தால் அது வேறு செய்தி.)

தறியிலுள்ள பட்டுப்புடவையின் நிலை அவ்வாறன்று. நெசவாளரின் புதிய கரை வடிவமைப்பைப் படமெடுத்து ஏற்றுமுன் அவரது இசைவு பெறுவது இன்றியமையாதது. பொதுவகத்தின் உரிமங்கள் வணிகப் பயன்பாட்டையும் அனுமதிப்பவை. ஒருமுறை வழங்கிய உரிமத்தைத் திரும்பப் பெறவும் இயலாது. அதனினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. 2000 ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின்படி, ஏற்கெனவே பொதுவில் வெளியான வடிவமைப்பைப் பதிவு செய்ய முடியாது. விசைத்தறியில் எவரேனும் அதே கரையைப் போட்டு மலிவாக விற்றால், பதிவில்லாத நெசவாளர் அச்சட்டத்தின்கீழ்த் தடுக்க இயலாது போகும்.

காஞ்சிபுரம் பட்டுக்குக் கிடைத்துள்ள புவிசார் குறியீடு அப்பெயரைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுப்பது. தனியொரு கரைக்கோ புட்டாவுக்கோ அது காப்பாகாது. பகிர விரும்பும் நெசவாளர் முதலில் வடிவமைப்பைப் பதிவு செய்துகொண்டால் 10 ஆண்டுகளும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டுகளும் பாதுகாப்புப் பெறலாம். கோர்வை போடும் முறையைக் காணொளியாக்கிக் கற்பிப்பதற்கு இத்தகைய தடை ஏதுமில்லை.