தென் வேல்ஸும் தொழிலாளர் பெயர்ச்சியும்

வேலையற்ற ஊரைவிட்டு வேலையுள்ள ஊருக்குப் பெயர்தலே வறுமைக்கு மருந்தென்பர் சிலர். அம்மருந்தின் தன்மையைத் தென் வேல்ஸின் சரித்திரம் காட்டும்.

முதல் உலகப்போருக்குப்பின் அந்நாட்டு நிலக்கரிக்கு அயல்நாட்டு விற்பனை குன்றியது. சுரங்கங்கள் பல மூடப்பட்டன. 1928-இல் பிரிட்டிஷ் அரசாங்கம், தொழிலாளரை வேற்றிடங்களுக்கு அனுப்புதற்கென ஒரு சபை நிறுவிற்று. ஆக்ஸ்போர்டின் மோட்டார்த் தொழிற்சாலைக்குப் பலர் சென்றனர். 1921 முதல் 1940 வரை வேல்ஸை நீங்கினோர் நான்கு லட்சத்திற்கு மேற்பட்டோர்.

எனினும் வேலையின்மை ஒழிந்ததோ? இல்லை. சென்றவர் பெரும்பாலும் இளைஞர். எஞ்சியவர் முதியோரும் குடும்பப் பாரமுடையோரும். இளைஞர் ஈட்டிச் செலவிடும் பொருள் அற்றுப்போகவே கடைகள் சோர்ந்தன, ஊர்வரி குறைந்தது, புதுத்தொழில் தொடங்குவாரும் அரியராயினர். 1934-இல் தனிச்சட்டம் இயற்றியும் துயர் தீர்ந்திலது; இரண்டாம் உலகப்போரின் தளவாடத் தேவையே பலர்க்கு வேலை நல்கிற்று.

1945-இல் தொழிற்சாலைகளையே நலிந்த பகுதிகளுக்குக் கொணரும் சட்டம் பிறந்தது. ஆளைப் பெயர்த்தல் ஆளுக்கு உதவும். ஊரைக் காத்தற்கோ தொழிலை ஊருக்கு அழைத்தல் வேண்டும்.