ஒரு கண்ணாடி, ஒரு மரை

என் மேசையில் இருக்கும் கேமரா ஜப்பானியச் சரக்கு: பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக். அதன் முன்னால் இருக்கும் லென்ஸில் ரஷ்ய எழுத்தில் ‘ஹீலியோஸ்’ என்று பொறித்திருக்கிறது; மாஸ்கோவுக்குப் பக்கத்து ஊரான கிராஸ்னகோர்ஸ்கில் செய்தது. பனிப்போரின் எதிரெதிர் அணிகளில் பிறந்த இந்த இரண்டையும் சேர்த்துச் சில சுற்று சுற்றினால், ஊறுகாய் பாட்டிலும் மூடியும் போல உட்கார்ந்துவிடுகின்றன. இந்தப் பொருத்தம் எங்கிருந்து வந்தது என்று தேடப்போனதில்தான் எஸ்.எல்.ஆர். கேமராவின் வரலாறு எனக்குப் பிடிபட்டது.

எஸ்.எல்.ஆரில், லென்ஸ் வழியே வரும் ஒளியைச் சாய்த்து வைத்த ஒரு கண்ணாடி, நாம் பார்ப்பதற்காக மேலே திருப்புகிறது. பட்டனை அழுத்தியதும் கண்ணாடி எழும்பி வழிவிட, ஒளி ஃபிலிமில் விழுகிறது. நமக்குப் பழகிய அந்தச் ‘சளக்’ சத்தத்தில் பாதி, கண்ணாடி எழும்பும் சத்தம். இந்தக் கண்ணாடிக்குப் புகைப்படக் கலையைவிட வயது அதிகம். 1676இல் யோஹான் ஷ்டுர்ம், 1685இல் யோஹான் ட்ஸான் என்ற துறவி என ஜெர்மானியர் இருவர் இப்படிக் கண்ணாடி வைத்த இருட்டுப் பெட்டிகளை விவரித்திருக்கிறார்கள். பெட்டியின் மேல் விழும் பிம்பத்தின்மீது தாளை வைத்து ஓவியர்கள் கோடு இழுத்துக்கொள்ளலாம்.

அதையே புகைப்படத்துக்கு மாற்றி 1861இல் காப்புரிமை வாங்கியவர் ஆங்கிலேயர் தாமஸ் சட்டன். அதே ஆண்டில் இயற்பியலாளர் மேக்ஸ்வெல்லுக்காக ஒரு கட்டம்போட்ட ரிப்பனை மூன்று நிற வடிகட்டிகள் வழியே படமெடுத்தவரும் இவர்தான். முதல் வண்ணப் புகைப்படம் என்று அதைச் சொல்கிறார்கள். பிறகு அதே கண்ணாடி முறையில் அமெரிக்காவில் கிராஃபிளெக்ஸ் பெட்டிகள் வந்தன. 1936 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் பட்டாணி வயல் ஓரத்தில், குழந்தைகள் தோளில் சாய்ந்திருக்க வெறித்துப் பார்க்கும் தாயை டோரதியா லேங்கே எடுத்தது அப்படியொரு பெட்டியில்தான்.

அதே 1936 வசந்தத்தில் லைப்சிக் வணிகக் கண்காட்சிக்குக் ‘கினே எக்ஸாக்டா’ வந்தது. டிரெஸ்டன் நகரில் டச்சுக்காரர் யோஹான் ஸ்டீன்பெர்கன் நடத்திய இஹாகே நிறுவனத்தின் தயாரிப்பு. சினிமாவுக்கான 35 மி.மீ. ஃபிலிமைப் போடும் கையடக்கப் பெட்டி. பட்டனும் ஃபிலிம் ஓட்டும் லீவரும் இடது கைப்பக்கம். ஹிட்ச்காக்கின் ‘ரியர் விண்டோ’வில் காலில் மாவுக்கட்டோடு உட்கார்ந்து ஜேம்ஸ் ஸ்டூவர்ட் எதிர்வீடுகளை நோட்டம் விடுவது, இதன் வழிவந்த ஓர் எக்ஸாக்டாவில்தான்.

டிரெஸ்டனில் ‘கே.டபிள்யூ.’ என்ற இன்னொரு கேமரா ஆலையும் இருந்தது. அதன் உரிமையாளர் பென்னோ தோர்ஷ் யூதர். நாஜிகளின் ஆட்சியில் நாட்டைவிட்டுப் போயாக வேண்டிய நிலை. அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் ஜெர்மானிய வம்சாவளியினரான சார்ல்ஸ் நோபல் ஃபிலிம் கழுவிப் பிரிண்ட் போடும் நிறுவனம் வைத்திருந்தார். பெண் கொடுத்துப் பெண் எடுப்பதுபோல் இருவரும் கடல் கடந்து தொழிலை மாற்றிக்கொண்டார்கள். தோர்ஷ் பிழைத்தார். நோபல் குடும்பம் டிரெஸ்டனுக்குக் குடிவந்தது. 1939இல் அந்த ஆலையிலிருந்து ‘பிராக்டிஃபிளெக்ஸ்’ வெளிவந்தது.

1945 பிப்ரவரிக் குண்டுவீச்சில் நகரின் நடுப்பகுதி சாம்பலானது. இஹாகே ஆலை அழிந்தது. புறநகரில் இருந்த நோபலின் ஆலை தப்பியது, உரிமையாளர்கள் தப்பவில்லை. சோவியத் படையினர் தந்தையையும் மகன் ஜானையும் கைது செய்தார்கள். ஆலை பறிபோனது. ஜான், ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே வோர்குட்டா நிலக்கரிச் சுரங்க முகாமுக்கு அனுப்பப்பட்டார். அமெரிக்க அதிபர் ஐசனோவர் தலையிட்ட பிறகு 1955 ஜனவரியில்தான் விடுதலை. இதைப் படித்த பிறகு பழைய பிராக்டிகா எதையும் வெறும் மலிவுக் கேமராவாக என்னால் பார்க்க முடிவதில்லை.

ஏனென்றால், நோபல்கள் சிறையில் இருந்த 1949இல் அவர்களுடைய ஆலைதான் ‘பிராக்டிகா’ என்ற பெயரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டு, அதே ஊரின் சைஸ் இக்கான் ஆலை ‘கான்டாக்ஸ் எஸ்’ஸை வெளியிட்டது. இரண்டுக்கும் லென்ஸ் மாட்டும் வாய் ஒன்றே: 42 மி.மீ. விட்டம், ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. நகரும் மரை. கான்டாக்ஸின் தலையில் ஒரு திமிலும் இருந்தது. அதற்குள் இருப்பது ஐங்கோணப் பட்டகம். அதுவரை குனிந்துதான் பார்க்க வேண்டும். அதிலும் இடம் வலமாகத் தெரியும். பட்டகம் காட்சியை நேராக்கிக் கண்மட்டத்துக்குக் கொண்டுவந்தது. ரோமில் ‘ரெக்டாஃபிளெக்ஸ்’ செய்தவர்களும் ஏறக்குறைய அதே சமயத்தில் இதே வழிக்கு வந்து சேர்ந்திருந்தார்கள்.

பிறகு பெயர்த் தகராறு. கான்டாக்ஸ் தங்களுடையது என்று மேற்கு ஜெர்மனிக்காரர்கள் சொல்ல, கிழக்கு ஜெர்மனி வேறு பெயர்கள் தேடியது. பென்டாபிரிசம், கான்டாக்ஸ் இரண்டையும் ஒட்டிப் ‘பென்டகான்’ வந்தது. அவற்றையே வேறு இடத்தில் வெட்டி ஒட்டிப் ‘பென்டாக்ஸ்’ என்றும் ஒரு பெயரைப் பதிவு செய்து வைத்தார்கள். ஆம், டிரெஸ்டனில்தான்.

இதற்கிடையே கிழக்கே நகல்கள் பெருகின. கார்க்கிவ் நகரில் சோவியத் கல்வியாளர் அன்டோன் மகரென்கோவின் ஆதரவற்ற சிறார் குடியிருப்பில் 1930களிலேயே ஜெர்மானிய லைக்காவைப் பார்த்து ‘ஃபெட்’ கேமரா செய்தார்கள். போருக்குப் பின் கிராஸ்னகோர்ஸ்க் ஆலை அதையொட்டி ‘சோர்க்கி’யைச் செய்தது. பிறகு சோர்க்கியின் உச்சியைக் கழற்றிக் கண்ணாடியும் பட்டகமும் வைத்ததும் ‘செனித்’ ஆயிற்று. என் ஹீலியோஸ்கூட யெனா நகரின் சைஸ் செய்த ‘பயோட்டார்’ லென்ஸின் வாரிசுதான். 30 லட்சத்துக்கும் மேல் விற்ற ‘செனித் இ’ காலத்தில் ரஷ்யர்களும் 42 மி.மீ. மரைக்கே மாறினார்கள்.

டோக்கியோவில் 1919இல் மூக்குக்கண்ணாடி வில்லைகள் செய்யத் தொடங்கிய அசாஹி நிறுவனம், 1952இல் ஜப்பானின் முதல் 35 மி.மீ. எஸ்.எல்.ஆரை வெளியிட்டது. பிராக்டிஃபிளெக்ஸின் முகச்சாயல் அதில் தெரியும். அந்நாளைய கேமராக்கள் பெரும்பாலானவற்றில் படம் எடுத்ததும் பார்வை இருண்டுவிடும். அடுத்த படத்துக்கு லீவரைச் சுற்றினால்தான் கண்ணாடி கீழே இறங்கும். ஹங்கேரியின் யேனோ துலோவிட்ஸ் தன் ‘டூஃபிளெக்ஸில்’ இதற்கு விடை கண்டிருந்தார். அந்தக் கேமரா பெருகவில்லை. 1954இல் அசாஹி, கண்ணாடி உடனே திரும்பும் கேமராவை உலகச் சந்தைக்கு ஏற்றியது. 1957இல் பட்டகமும் 42 மி.மீ. மரையும் சேர்ந்தபோது புதுக் கேமராவுக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. டிரெஸ்டன்காரர்களிடம் சும்மா கிடந்த பெயரை அசாஹி வாங்கிக்கொண்டது.

மரையின் பலவீனம், கடைசிச் சுற்று எந்தக் கோணத்தில் நிற்கும் என்று உறுதியில்லாதது. அதனால் ஒளி புகும் துவாரத்தின் அளவை லென்ஸ் கேமராவுக்குச் சொல்வது கடினம். 1975இல் பென்டாக்ஸே மரையை விட்டு, திருகிப் பூட்டும் வாய்க்கு மாறியது.

1964இல் வந்த ஸ்பாட்மேட்டிக்கை இன்று வைத்துக்கொள்ள என்ன வேண்டும்? பேட்டரி தீர்ந்தாலும் ஷட்டர் ஓடும். ஒளிமானி மட்டும் நின்றுவிடும். அந்தக் காலத்துப் பாதரச பேட்டரி இப்போது இல்லை. நல்லவேளையாக இதன் மின்சுற்று சில்வர் ஆக்சைடு பேட்டரியையும் சகித்துக்கொள்கிறது. மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பையோடு டப்பாவில் வைக்காவிட்டால் லென்ஸில் பூஞ்சை படரும். கண்ணாடி மோதும் இடத்திலுள்ள பஞ்சு பிசுபிசுத்து உதிர்ந்திருந்தது. சுரண்டி எடுத்துப் புதிது ஒட்டினேன். சத்தம் மென்மையாகிவிட்டது.

இப்போதைய டிஜிட்டல் கேமராக்கள் பெரும்பாலும் கண்ணாடியையே விட்டுவிட்டன. அவற்றிலும் ஓர் இணைப்பு வளையம் போட்டு ஹீலியோஸைச் சுற்றலாம். பின்னணியைச் சுழற்றிக் காட்டும் அதன் குணத்துக்காகவே இளைஞர்கள் தேடி வாங்குகிறார்கள். நான் இன்னும் அந்த வளையம் வாங்கவில்லை. ஸ்பாட்மேட்டிக்கில் போட்டிருக்கும் ரோலில் 11 படம் பாக்கி இருக்கிறது.