தண்ணீர்ப் பீப்பாயில் வந்த பயணி

கொடைக்கானல் ஏரியில் நீங்கள் படகில் போயிருக்கலாம். போகாதவர்களும் படத்திலாவது அதைப் பார்த்திருப்பீர்கள். மதுரைக் கலெக்டராக இருந்த வியர் லெவிஞ்சு என்பவர் 1863-ஆம் ஆண்டில் ஓடை நீரைத் தடுத்துக் கரை எழுப்பி உண்டாக்கிய ஏரி அது. அதில் மிதந்த முதற்படகு தூத்துக்குடியிலிருந்து கொண்டுவரப்பட்டது என்பர். அந்தத் துறைமுகப் படகோடு, துறைமுகத்துக் கொசுவும் சேர்ந்து மலையேறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

நீங்கள் போளூர், கிளாவரை, கவுஞ்சி போன்ற மேல்மலை ஊர்களைச் சேர்ந்தவரானால் இக்கேள்வியைக் கேட்டுச் சிரிப்பீர்கள். மார்கழியிலும் தையிலும் உறைபனி விழும் மலையில் கடற்கரைக் கொசு எத்தனை நாள் தாங்கும்? சிரிப்பதற்கு இடமுண்டு. ஆனால் இதே கேள்வியை உலகத் துறைமுகங்கள் பலவும் ஒரு காலத்தில் அச்சத்தோடு கேட்க வேண்டியிருந்தது. படகில் குடியிருந்த மனிதனுக்கும் அவனோடு ஒண்டிக் குடியிருந்த பூச்சிகளுக்கும் இடையே நடந்த நீண்ட போராட்டத்தின் கதை அது.

முதலில் மலைக் கதையையே பார்த்துவிடுவோம். மதுரையில் 1834-இல் பணி தொடங்கிய அமெரிக்க மிஷனரிகள், காய்ச்சலாலும் காலராவாலும் தம் கூட்டத்தாரைப் பறிகொடுத்தனர். பழனி மலைமீது குளிர்ந்த இடம் தேடினர். 1845-இல் கொடைக்கானலில் இரண்டு வீடுகள் எழுந்தன. ஊரின் தொடக்கம் அதுதான். சமவெளியின் தேங்கிய நீரிலிருந்து கிளம்பும் கெட்ட காற்றே காய்ச்சலுக்குக் காரணம் என்பது அக்காலத்து நம்பிக்கை. மலைக்கு ஓடியது சரி. ஓடியதற்குச் சொன்ன காரணம் தவறு. தேங்கிய நீரிலிருந்து கிளம்பியது காற்றன்று, கொசு.

அதே 1845-ஆம் ஆண்டில், ஓடுவதற்கு மலையேதும் இல்லாத ஒரு கூட்டம் அட்லாண்டிக் கடலில் தவித்துக்கொண்டிருந்தது. ‘எக்லேர்’ என்பது ஆங்கிலக் கடற்படையின் நீராவிக் கப்பல். அடிமை வணிகத்தைத் தடுக்க மேற்கு ஆப்பிரிக்கக் கரையோரம் காவல் சுற்றி வந்தது. அதில் மஞ்சள் காய்ச்சல் புகுந்தது. மாலுமிகள் ஒருவர்பின் ஒருவராக மாண்டனர். ஆகஸ்டில் கேப் வெர்டே தீவுக் கூட்டத்தின் போவா விஸ்டாவில் கப்பல் நங்கூரமிட்டது. நோயாளிகளை ஒரு சிறு தீவிலிருந்த கோட்டைக்கு மாற்றினார்கள். பயனில்லை. செப்டம்பரில் இங்கிலாந்து நோக்கிப் புறப்பட்டது. வழியில் கப்பல் தலைவர் எஸ்ட்கோர்ட்டும் இறந்தார். இங்கிலாந்தை அடைந்த பிறகும் யாரையும் கரையிறங்க விடவில்லை. கப்பல் போய்விட்ட பின்னரோ, போவா விஸ்டாக் கோட்டையில் காவலிருந்த வீரர்கள் நோயில் விழுந்தனர். பிறகு ஊரே விழுந்தது.

நோய் மனிதனிடமிருந்து மனிதனுக்குத் தொற்றியதா, கப்பலின் அடித்தளத்து அழுக்கிலிருந்து கிளம்பியதா? மருத்துவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றனர். அதிகாரபூர்வமாக ஆராய அனுப்பப்பட்டவர்களும் வாதாடினர். இரு கட்சியாரிடமும் சான்றுகள் இருந்தன. இரு கட்சியாரும் தவறு என்பதற்கும் சான்றுகள் இருந்தன. அவை காற்றில் ரீங்கரித்துக்கொண்டிருந்தன.

மரக்கப்பல் என்பது பூச்சிகளுக்காகவே கட்டிய மாளிகை போன்றது. பலகை இடுக்குகள், ஈரம், இருட்டு, சிந்திய தானியம் எல்லாம் அங்கு உண்டு. மாலுமிகள் உண்ட கெட்டி ரொட்டித் துண்டில் வண்டும் புழுவும் குடியிருக்கும். மேசையில் தட்டி உதிர்த்துவிட்டுத் தின்பார்கள். ‘பவுன்டி’ என்ற கப்பலைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதன் தலைவர் வில்லியம் பிளை, டஹீட்டித் தீவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஈரப்பலாக் கன்றுகளை ஏற்றிய சமயம், 1789-இல், பெட்டிகளையெல்லாம் கரைக்கு அனுப்பிவிட்டுக் கப்பலின் உட்புறத்தைக் கொதிநீரால் கழுவச் செய்தார். கரப்பான்களைக் கொல்லத்தான். சில மாதங்களில் மாலுமிகள் கலகம் செய்து அவரையே கப்பலிலிருந்து இறக்கிவிட்டார்கள். கரப்பான்கள் என்ன ஆயின என்று வரலாறு கூறவில்லை. இன்று நம் வீட்டுச் சாக்கடையில் ஓடும் பெரிய செந்நிறக் கரப்பானுக்கு ‘அமெரிக்கக் கரப்பான்’ என்று பெயர். அதன் சொந்த நாடு ஆப்பிரிக்கா. அடிமைக் கப்பல்களில் அமெரிக்கா போய், அங்கிருந்து பெயரையும் பெற்றுக்கொண்டது.

கரப்பானும் வண்டும் அருவருப்போடு போய்விடும். கொசு அப்படியன்று. புகை போட்டுப் பார்த்தார்கள். நம் வீடுகளில் வேப்பிலையும் நொச்சியும் புகைப்பதுபோல் அவர்கள் கந்தகமும் தாரும் புகைத்தார்கள். பலகைகளைக் காடியால் கழுவினார்கள். கந்தகப் புகையில் பறக்கும் கொசுக்கள் செத்தன என்பது உண்மையே. ஆனால் பத்து நாள் கழித்து மறுபடி கொசு. கரையே கண்ணுக்குத் தெரியாத நடுக்கடலில் இவை எங்கிருந்து வந்தன?

குடிதண்ணீர்ப் பீப்பாயிலிருந்து! இங்குதான் நாம் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். கடலைச் சுற்றிலும் வைத்துக்கொண்டு கொசுவுக்குத் தேவையான நன்னீரை மனிதனே கப்பலில் சுமந்து சென்றான். ஏடிஸ் எகிப்தி என்னும் கொசு மற்றக் கொசுக்களைப்போல நீர்ப்பரப்பின் மேல் முட்டையிடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான பாத்திரச் சுவரில் ஒட்டிவைக்கும். முட்டை காய்ந்தாலும் சாவதில்லை. பல மாதங்கள் காத்திருக்கும். மறுபடி நீர் ஏறி அதை நனைத்ததும் புழு வெளிவரும். வெப்பமான இடத்தில் எட்டுப் பத்து நாளில் சிறகு முளைத்த கொசு தயார்.

ஒரு பீப்பாயின் வாழ்க்கையை இப்போது எண்ணிப் பாருங்கள். நாளுக்கு நாள் நீர் குறையும். சுவரில் முட்டைகள் ஒட்டப்படும். அடுத்த துறைமுகத்தில் பீப்பாயை நிரப்புவார்கள். முட்டைகள் யாவும் நனையும். கொசுவுக்கென்றே ஒரு பொறியாளர் வரைபடம் போட்டுக் கொடுத்திருந்தாலும் இதைவிடச் சிறந்த தொட்டிலைச் செய்திருக்க முடியாது. மேலும் இக்கொசு பகலில் கடிப்பது. இரவுக் காவல் முடிந்து பகலில் உறங்கும் மாலுமி அதற்கு வசதியான இரை.

ஆப்பிரிக்காவில் பிறந்த இக்கொசு அடிமைக் கப்பல்களின் பீப்பாய்களில் அமெரிக்கா சேர்ந்தது. மஞ்சள் காய்ச்சல் வைரசும் கூடவே போயிற்று. 1648-இல் யுகாட்டானில் தெளிவாக அடையாளம் காணப்பட்ட அந்நோய், 1793-இல் பிலடெல்பியா நகரில் சுமார் ஐயாயிரம் பேரைக் கொன்றது. நகர மக்களில் பத்தில் ஒருவர் என்று கணக்கு.

புதிர் அவிழ்ந்ததிலும் கப்பலுக்குப் பங்குண்டு. கியூபா மருத்துவர் கார்லோஸ் பின்லே, கொசுவே காரணம் என்று 1881-இல் கூறினார், கேட்டவர்கள் நம்பவில்லை. ஹென்றி கார்ட்டர் என்னும் அமெரிக்க மருத்துவர் கப்பல்களைத் தடுத்துவைத்துச் சோதிக்கும் பணியில் பல ஆண்டுகள் இருந்தவர். முதல் நோயாளிக்கும் அவரை அடுத்து விழும் நோயாளிகளுக்கும் இடையே இரண்டு வாரம் அல்லது அதற்கும் மேல் இடைவெளி இருப்பதை அவர் கவனித்தார். நோய் நேரே தாவுவதானால் இந்த இடைவெளி எதற்கு? வைரஸ் கொசுவின் உடலில் பெருகி உமிழ்நீரை அடைய ஏறக்குறைய அவ்வளவு நாள் பிடிக்கிறது! 1900-இல் வால்ட்டர் ரீடு தலைமையிலான குழு ஆவானாவில் சோதனை செய்து இதை உறுதிப்படுத்தியது. குழுவில் ஒருவரான ஜெஸ்ஸி லேசியர் நோய் கண்டு உயிர் விட்டார். போவா விஸ்டாக் காவலர்கள் கப்பல் போன பிறகு ஏன் விழுந்தார்கள் என்பதற்கும் இப்போது விடை கிடைத்தது. கப்பல் போய்விட்டது; கொசுக்கள் இறங்கிவிட்டன.

இங்கிலாந்தில் நோய் ஏன் பரவவில்லை? இலையுதிர்காலக் குளிர் காத்தது எனலாம். ஆனால் அதை நம்பி இருப்பதும் ஆபத்து. 1865-இல் கியூபாவிலிருந்து செப்புத் தாது ஏற்றி வந்த ‘ஹெக்லா’ என்ற கப்பல் வேல்ஸ் நாட்டின் சுவான்சி துறைமுகத்தை அடைந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் அங்கு வழக்கத்துக்கு மாறான வெப்பம். கரையில் இருந்தவர்களில் சுமார் பதினைந்து பேர் மஞ்சள் காய்ச்சலில் மாண்டனர்.

பனாமாவில் நடந்ததைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1880-களில் பிரெஞ்சுக்காரர் அங்குக் கால்வாய் வெட்டியபோது இருபதாயிரம் பேருக்கு மேல் இறந்தனர் என்று மதிப்பிடுகிறார்கள். அங்கோன் மருத்துவமனையில் எறும்பு ஏறாதிருக்கக் கட்டில் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தியிருந்தார்கள். நம் பாட்டிமார் பலகார அலமாரிக்குச் செய்த அதே உபாயம்! எறும்பு ஏறவில்லை; கிண்ணத்தில் கொசு பிறந்தது. வேறு ஏதோ நோய்க்காகப் படுத்தவர் மஞ்சள் காய்ச்சலோடு போய்ச் சேர்ந்தார்.

நம் நாட்டிலும் ஒரு தொட்டிக் கதை உண்டு. ரொனால்டு ராஸ், மலேரியா ஒட்டுண்ணியைக் கொசுவின் வயிற்றில் 1897-இல் செகந்திராபாத்தில் கண்டவர். அதற்கு வெகுகாலம் முன்பே, 1883-இல் பெங்களூரில் இராணுவ மருத்துவராக இருந்தபோது, தம் அறையில் மட்டும் கொசு மிகுதியாக இருப்பதற்குச் சன்னலுக்கு வெளியே இருந்த தண்ணீர்த் தொட்டியே காரணம் என்று கண்டார். தொட்டியைக் கவிழ்த்தார், கொசு குறைந்தது. மற்றத் தொட்டிகளையும் கவிழ்க்கலாமே என்று மேலதிகாரியிடம் சொன்னபோது, அது இயற்கைக்கு மாறானது என்று மறுத்துவிட்டாராம். அதிகாரிகள் எக்காலத்திலும் ஒரே மாதிரிதான் இருக்கிறார்கள்.

1914 ஆகஸ்டில் பனாமாக் கால்வாய் திறக்கப்பட்டது. மஞ்சள் காய்ச்சல் வழங்கிய பகுதிக்கும் ஆசியத் துறைமுகங்களுக்கும் இடையே நேர்வழி பிறந்தது. இந்தியாவில் ஏடிஸ் கொசு ஏற்கெனவே உண்டு. நோய்க்கு எதிர்ப்பாற்றல் யாருக்கும் இல்லை. ஒரே ஒரு கப்பல் போதும்! எஸ். பி. ஜேம்ஸ் என்ற மருத்துவ அதிகாரி இதற்காகவே பல நாட்டுத் துறைமுகங்களைச் சுற்றிப் பார்த்து, இந்தியாவை மஞ்சள் காய்ச்சலிலிருந்து காப்பது பற்றி 1913-இல் எழுதினார். இன்றுவரை அந்நோய் இந்தியாவில் காலூன்றவில்லை. அது வழங்கும் நாட்டிலிருந்து வருபவரிடம் தடுப்பூசிச் சான்று கேட்பதில் நம் அரசு இம்மியும் விட்டுக்கொடுப்பதில்லை என்பதற்கு வேர் இங்கே இருக்கிறது. சென்னை கிண்டி கிங் நிலையத்தில் ஊசி போட்டுக்கொண்டு சிறு மஞ்சள் அட்டையோடு ஆப்பிரிக்கா போகிறவர்களை நீங்கள் அறிந்திருக்கலாம்.

ஆனால் அதே கொசு கொண்டுவந்த வேறு நோய்கள் நம்மை விடவில்லை. 1870-இல் சான்சிபாரில் ஒரு காய்ச்சல் கிளம்பியது. சுவாகிலி மக்கள் அதை ‘டிங்கா பெப்போ’ என்றார்கள். கப்பல் வழியே அது ஏடன் கடந்து பம்பாய் சேர்ந்து இந்தியா முழுவதும் பரவியது. டெங்கு என்றே நெடுங்காலம் எழுதிவந்தார்கள். வேலூரில் வைரஸ் ஆய்வு செய்த டொனால்டு கேரி பழைய மருத்துவர்களின் குறிப்புகளைப் படித்தார். நெடுநாள் நீடித்த மூட்டுவலி அவற்றில் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டு, அது சிக்குன்குனியாவாக இருக்கக்கூடும் என்று 1971-இல் வாதிட்டார். 1964-இல் சென்னையைப் படுக்கவைத்த அதே நோய்!

இதற்கு ஒரு பின்னிணைப்பும் உண்டு. 2004-இல் கென்யாக் கரையின் லாமு என்னும் பழைய பாய்மரத் துறைமுகத்தில் சிக்குன்குனியா மறுபடி கிளம்பியது. மழை மிகுதியாலன்று, வறட்சியால்! நீருக்குப் பஞ்சம் வந்ததால் வீடுதோறும் பானையிலும் தொட்டியிலும் நீர் சேமித்தார்கள். கடலில் பீப்பாய் செய்ததைக் கரையில் பானை செய்தது. இந்துமாக்கடல் தீவுகளைக் கடந்து 2006-இல் இந்தியாவில் பதின்மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோரை அது வாட்டியது. இம்முறை நோய் வந்தது பெரும்பாலும் விமானத்தில்.

தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்கு இன்றும் மரத்தோணிகள் சரக்கு ஏற்றிச் செல்கின்றன. பயணம் முழுவதும் தோணிக்காரர்களுக்கு அதுவே வீடு. அவர்களைப் போலப் படகில் வாழ்வோர் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள் இவை: குடிநீர்த் தொட்டியின் மூடி, சுருட்டிவைத்த தார்ப்பாயின் மடிப்பு, மழைநீர் நிற்கும் பழைய டயர், ஓரத்தில் கட்டிய சிறு படகின் அடி. மூடி இறுக்கமாக இல்லாவிட்டால் மெல்லிய துணியால் கட்டலாம். வாரம் ஒருமுறை வெறுமே கவிழ்த்தால் போதாது; முட்டை சுவரில் ஒட்டியிருப்பதால் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். துறைமுகத்தைச் சுற்றி 400 மீட்டர் தொலைவுக்குக் கொசு பெருகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது பன்னாட்டுச் சுகாதார விதி. இக்கொசு பிறந்த இடத்தை விட்டு நெடுந்தூரம் பறப்பதில்லை. அதனால்தான் அந்த அளவு. நெடுந்தூரம் போக அதற்கு வண்டி வேண்டும்.

வண்டி என்றதும் மலை நினைவுக்கு வருகிறது. 1985-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஆசியக் கொசு ஒன்று, ஏடிஸ் அல்போபிக்டஸ், பெருகியிருப்பதைக் கண்டார்கள். கப்பலில் வந்த பழைய டயர்களில் காய்ந்த முட்டையாக அது பயணம் செய்திருந்தது. வத்தலக்குண்டிலிருந்து மலையேறும் லாரியிலும் டயர் உண்டு, தண்ணீர் டிரம் உண்டு. போளூர் வரைக்கும் அவை போகின்றன. வெப்பம் சுமார் 15 டிகிரிக்குக் கீழே இறங்கினால் ஏடிஸ் எகிப்தியின் புழு வளர்ச்சி மந்தமாகிவிடும். உறைபனிக் காலத்தை உறங்கிக் கடக்கும் திறனும் அதன் முட்டைக்கு இல்லை. 1863-இல் தூத்துக்குடிப் படகோடு ஏறி வந்திருந்தால் அது முதல் மார்கழியிலேயே முடிந்திருக்கும். சித்திரையிலும் வைகாசியிலும் உங்கள் ஊர் டிரம்மின் உட்சுவரைக் கையால் தடவிப் பாருங்கள். நீர்மட்டத்துக்கு ஒரு விரற்கடை மேலே, கரிப்பொடி போன்ற சிறு புள்ளிகள் ஒட்டியிருக்கின்றனவா?