புழுங்கலரிசியும் ஒப்பீட்டு ஆய்வும்: மலாயாவில் மருத்துவ ஆய்வை வகுக்கக் கற்ற பத்தாண்டு (1900–1910)

இருபதாம் நூற்றாண்டு தொடங்கியபோது பினாங்கு துறைமுகத்தில் இறங்கிய அரிசி பெரும்பாலும் இரண்டே வகை. சயாமிலிருந்தும் ரங்கூனிலிருந்தும் வந்த, ஆலையில் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி ஒன்று. நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்தியபின் உமி நீக்கிய புழுங்கலரிசி மற்றொன்று. பச்சரிசி சீனத் தொழிலாளர்களோடு பேராக்கின் ஈயச் சுரங்கங்களுக்குப் போனது. புழுங்கலரிசி, நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி, ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்புக் காவலில் இருந்துவிட்டுக் கரையேறிய தமிழர்களோடு ரப்பர்த் தோட்டங்களுக்கும் ரயில் பாதை வேலைக்கும் போனது. துறைமுகம் ஒன்று, தட்பவெப்பம் ஒன்று, கூலி வாழ்க்கையின் கொடுமையும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் பெரிபெரி நோய் சீனர்களை ஆயிரக்கணக்கில் கொன்றது. தமிழர்களை அநேகமாகத் தொடவில்லை.

யாரும் திட்டமிடாமல் அமைந்த இந்த ஒப்பீட்டிலிருந்து, திட்டமிட்டு அமைக்கும் ஒப்பீட்டை மலாயாவின் மருத்துவர்கள் படிப்படியாகக் கற்றார்கள். அதைத் தொடர்ந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். மருத்துவ ஆய்வு வடிவமைப்பின் வரலாற்றைச் சொல்பவர்கள் 1747-ல் கப்பலில் ஸ்கர்வி நோயாளிகளுக்கு எலுமிச்சையும் ஆரஞ்சும் கொடுத்துப் பார்த்த ஜேம்ஸ் லிண்டில் தொடங்கி, 1948-ல் லண்டனில் வெளிவந்த, காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தாய்வுக்குத் தாவிவிடுகிறார்கள். இடையில் மலாயாவில் நடந்தது ஓர் அடிக்குறிப்பாகச் சுருங்கிவிடுகிறது. அது நியாயமில்லை.

பெரிபெரி வந்தவருக்கு முதலில் பாதம் மரத்துப்போகும். கெண்டைக்காலை அழுத்தினால் வலியில் துடிப்பார். முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் பெருவிரலால் அழுத்தி எடுத்தால் குழி அப்படியே நிற்கும். குந்தச் சொன்னால் குந்துவார். கை ஊன்றாமல் எழ முடியாது. சிலருக்கு வீக்கம் ஏறி, இதயம் தளர்ந்து, சில நாட்களிலேயே உயிர் போய்விடும். சிறை, மனநோயாளர் காப்பகம், சுரங்கத்துக் கொட்டகை என்று ஆட்கள் அடைபட்டுக் கிடக்கும் இடங்களில் கூட்டங்கூட்டமாக வந்தது. அதனால் அது தொற்றுநோய் என்று நம்ப எல்லா நியாயமும் இருந்தது. காலராவுக்கும் காசநோய்க்கும் கிருமிகளைக் கண்டுபிடித்திருந்த காலம் அது. 1900-ல் கோலாலம்பூரில் தொடங்கிய மருத்துவ ஆய்வுக் கழகத்தின் முதல் இயக்குநர் ஹாமில்டன் ரைட், பெரிபெரியை இடத்தைப் பற்றிக்கொண்டு பரவும் கிருமிநோய் என்றே எழுதினார்.

அந்தக் கழகத்தில் பினாங்கின் மைந்தர் ஒருவரும் இருந்தார். 1879-ல் ஜார்ஜ் டவுனில் பிறந்து, பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்து, அரசியார் உதவித்தொகையில் கேம்பிரிட்ஜ் சென்று மருத்துவரான வூ லியன்-தே. 1903-ல் திரும்பி வந்ததும் ஏறத்தாழ ஓராண்டு அங்கே பெரிபெரியை ஆராய்ந்தார். பிறகு பினாங்கு திரும்பிச் சுலியா தெருவில் மருத்துவமனை வைத்தார். 1910–11-ல் மஞ்சூரியாவின் நுரையீரல் பிளேக்கை எதிர்த்து அவர் பெற்ற புகழ் உலகறிந்தது. பெரிபெரிக்கு விடை அவர் கையில் கிடைக்கவில்லை. கூர்மையான ஆளும் நல்ல நுண்ணோக்கியும் இருந்தும் கிடைக்காததற்குக் காரணம், அன்று கழகம் கேள்வியை அமைத்த விதம் என்றே நான் நினைக்கிறேன். இறந்தவர் உடலில் இல்லாத கிருமியை எத்தனை காலம் தேடினாலும் அது அகப்படாது. யார் எதைத் தின்றார், யாருக்கு நோய் வந்தது என்று உயிரோடிருப்பவர்களை வைத்து எண்ண வேண்டியிருந்தது.

எண்ணத் தொடங்கியவர் நெகிரி செம்பிலானின் அரசு மருத்துவர் லெனார்ட் பிராடன். சீனர் தீட்டிய பச்சரிசி தின்கிறார்கள், நோய் வருகிறது. தமிழர் புழுங்கலரிசி தின்கிறார்கள், வருவதில்லை. கிராமத்து மலாய்க்காரர் தம் நெல்லை அன்றாடம் குத்திப் புதிதாகத் தின்கிறார்கள், அவர்களுக்கும் வருவதில்லை. 1907-ல் வெளியான அவருடைய நூல் இந்த மூன்று சமூகங்களின் ஒப்பீட்டின் மேல்தான் நிற்கிறது. பச்சரிசி நாள்பட்டுக் கிடக்கும்போது அதில் ஏதோ நஞ்சு சேர்கிறது என்பது அவர் முடிவு. அதில் அவர் தவறினார். ஆனால் சரியான உணவைக் கைகாட்டினார்.

ஒப்பீட்டு ஆய்வு படிப்பவர் இங்கே சற்று நிற்க வேண்டும். தமிழருக்கும் சீனருக்கும் இடையே அரிசி மட்டுமா வேறுபாடு? தமிழர் தோட்டத்து லயத்தில், சீனர் சுரங்கத்தில். தமிழர் சோற்றோடு பருப்பும் சேர்ந்தது. சீனரில் பலர் அபினுக்கு அடிமைப்பட்டிருந்தார்கள். உடல்வாகு வேறு என்று சொல்லவும் ஆட்கள் இருந்தார்கள். இவற்றில் எது நோய்க்குக் காரணம் என்பதைச் சமூகங்களை அருகருகே வைத்துப் பார்ப்பதால் மட்டும் பிரித்தறிய முடியாது. பிராடன் எத்தனை பக்கம் எழுதியும் எதிர்த்தரப்பு வாயடைக்காததற்குக் காரணம் இந்த ஓட்டைதான்.

அதை அடைத்தவர் வில்லியம் ஃப்ளெட்சர். கோலாலம்பூர் மனநோயாளர் காப்பகத்தில் 1905-ல் பெரிபெரி கடுமையாக வந்தது. 219 பேரில் 94 பேருக்கு நோய். 27 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் அவர் நோயாளிகளை வரிசையாக நிற்கவைத்து எண்ணினார். ஒற்றைப்படை எண் விழுந்தவர்கள் முற்றத்தின் கிழக்குக் கூடத்துக்கு, அவர்களுக்குப் பச்சரிசி. இரட்டைப்படை எண் விழுந்தவர்கள் மேற்குக் கூடத்துக்கு, அவர்களுக்குப் புழுங்கலரிசி. புதிதாகச் சேர்க்கப்பட்டவர்களையும் ஒருவர் இங்கே, அடுத்தவர் அங்கே என்று மாற்றி மாற்றி அனுப்பினார்.

இந்த எண்ணிக்கையின் பலம் அதன் எளிமையில் இருக்கிறது. வரிசையில் நிற்பவர் தமிழரா சீனரா, இளைஞரா முதியவரா, உடல் திடமா நலிவா என்பது எதுவும் ஒற்றை இரட்டையை மாற்றாது. ஆக, பிராடனின் ஒப்பீட்டைக் கலக்கிய வேறுபாடுகள் எல்லாம் இரண்டு பக்கமும் ஏறத்தாழச் சமமாகப் பிரிந்துவிடும். மிஞ்சுவது அரிசி. அதோடு மிஞ்சிய இன்னொன்றும் இருந்தது: இடம். கிழக்குக் கூடத்தின் தரையிலோ சுவரிலோ கிருமி ஒட்டியிருந்தால்? ரைட்டின் வழி வந்தவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். 1906-ன் நடுவில் ஃப்ளெட்சர் இரண்டு குழுக்களையும் கூடம் மாற்றினார். அரிசியை மாற்றவில்லை. நோய் கூடத்தில் தங்கவில்லை. பச்சரிசி தின்றவர்களோடு மேற்கே போனது.

1906 முடிவில் கணக்கு இது: பச்சரிசிப் பக்கம் 120 பேர், பெரிபெரியால் இறந்தவர்கள் 18. புழுங்கலரிசிப் பக்கம் 123 பேர், இறந்தவர் ஒருவரும் இல்லை. 1907 ஜூனில் லான்செட் இதழில் அறிக்கை வந்தது. காரணம் நஞ்சா, சத்துக்குறைவா என்பதை அவர் முடிந்த முடிவாகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லாமல் விட்டதும் நல்ல ஆய்வாளருக்கு அடையாளம்தான். எந்த உணவு கொல்கிறது, எது காக்கிறது என்பதை நிறுவ, ஏன் என்பது தெரிந்திருக்க வேண்டியதில்லை.

அடுத்த கேள்வி இயல்பாகவே எழுந்தது. காப்பகம் ஏற்கெனவே நோய் கண்ட இடம். உள்ளே இருப்பவர்கள் ஏற்கெனவே நலிந்தவர்கள். நோயே தெரியாத இடத்தில், திடமான ஆட்களிடம் இதே முடிவு வருமா? கழகத்தின் இயக்குநராக வந்த ஹென்றி ஃப்ரேசரும் அவரோடு பணியாற்றிய தாமஸ் ஸ்டாண்டனும் 1907-ல் நெகிரி செம்பிலானின் ஜெலபு மாவட்டத்து டுரியான் திப்புஸ் காட்டுக்குப் போனார்கள். சாலை போடுவதற்காகச் சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்கள் அங்கே கொண்டுசெல்லப்பட்டிருந்தார்கள். காடு கன்னிக்காடு, கொட்டகைகள் புதியவை. பழைய கிருமி ஒளிந்திருக்க இடமில்லை. ஒரு பாதிக்குப் பச்சரிசி, மறு பாதிக்குப் புழுங்கலரிசி. மற்ற பண்டங்கள் எல்லாம் இரு பாதிக்கும் ஒன்றே.

ஏறத்தாழ மூன்று மாதம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பச்சரிசிக் குழுவில் பெரிபெரி தலைகாட்டியது. அவர்களைப் புழுங்கலரிசிக்கு மாற்றியதும் புதிய நோயாளிகள் வருவது நின்றது. அரிசிகளை இடம் மாற்றியபோது நோயும் இடம் மாறியது. ஒரே குழுவை இரண்டு நிலையிலும் வைத்துப் பார்க்கும் இம்முறையை இன்றைய பாடநூல்கள் குறுக்கு மாற்று ஆய்வு என்கின்றன. அந்த மூன்று மாத இடைவெளியும் ஒரு பாடம். இரண்டு மாதத்தில் ஆய்வை முடித்திருந்தால், இரண்டு அரிசிக்கும் வேறுபாடு இல்லை என்றுதான் அவர்கள் எழுதியிருப்பார்கள். கண்காணிப்புக் காலத்தை நோயின் போக்கு முடிவு செய்ய வேண்டும். ஆய்வாளரின் வசதி முடிவு செய்யக்கூடாது.

1909-ல் அவர்கள் அறிக்கையும் லான்செட்டில் வந்தது. அதற்குப்பின் கோழிகளுக்கு வெவ்வேறு அளவில் தீட்டிய அரிசியைக் கொடுத்துப் பார்த்தார்கள். தீட்டும்போது கழியும் தவிட்டில் காக்கும் பொருள் இருக்கிறது. அரிசியிலுள்ள பாஸ்பரஸ் அளவைக் கொண்டு அது எவ்வளவு தீட்டப்பட்டது என்று மதிப்பிடலாம் என்றார்கள். 1910-ல் மணிலாவில் கூடிய தூரகிழக்கு வெப்பமண்டல மருத்துவ மாநாடு, தீட்டிய வெள்ளை அரிசியையே தொடர்ந்து உண்பதோடு பெரிபெரி தொடர்புடையது என்று தீர்மானம் நிறைவேற்றியது. நெல்லை அவிக்கும்போது தவிட்டோடு ஒட்டியிருக்கும் தயமின் சத்து, அதாவது வைட்டமின் பி1, அரிசியின் உட்பகுதிக்கு இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுதும் போவதில்லை. இது தெளிவானது பின்னால்தான். தஞ்சாவூர்ப் பெண்கள் அண்டாவில் நெல் அவித்தது நெல் நொறுங்காமலும் வண்டு பிடிக்காமலும் இருப்பதற்காக. அந்தக் கைப்பழக்கம் கடல் கடந்து வந்த அவர்கள் வீட்டுப் பிள்ளைகளைக் காத்தது.

மலாயா மட்டுமே இதைக் கண்டது என்று சொல்ல வரவில்லை. ஜப்பானியக் கடற்படையில் தகாகி 1884-ல் உணவை மாற்றிக் கப்பலனுப்பிப் பார்த்தார். ஜாவாவில் ஐக்மேன் கோழிகளை வைத்தும், வோர்டர்மன் நூற்றுக்கு மேற்பட்ட சிறைகளைக் கணக்கெடுத்தும் தீட்டிய அரிசியையே குற்றவாளி என்றார்கள். ஆனால் ஒரே கூரையின் கீழ் இருந்த மனிதர்களை எண்ணிப் பிரித்து, இடத்தையும் மாற்றிப் பார்த்ததில் ஃப்ளெட்சரின் ஆய்வு இவர்களைத் தாண்டி நிற்கிறது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். ஒற்றை இரட்டை முறையில், அடுத்து வருபவர் எந்தப் பக்கம் போவார் என்பது சேர்ப்பவருக்கு முன்பே தெரியும். நலிந்த ஒருவரைக் கண்டு மனமிரங்கி அவரை ஒரு நாள் தள்ளிச் சேர்த்தால் போதும், சமநிலை குலைந்துவிடும். யார் எந்தப் பக்கம் என்பதை முன்கூட்டியே அறிய முடியாதபடி செய்ததுதான் ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வில் புள்ளியியலாளர் பிராட்ஃபர்ட் ஹில் செய்த முன்னேற்றம்: தற்போக்கு எண்கள், மூடி முத்திரையிட்ட உறைகள். அதே ஒழுங்கு 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையத்துக்கு வந்தது. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் 193 நோயாளிகளை வீட்டிலும் சானடோரியத்திலும் பிரித்துப் பார்த்து, நெருக்கடியான வீட்டிலிருந்து மருந்து சாப்பிட்டாலும் குணம் குறையவில்லை என்று அம்மையம் காட்டியது. உலகம் முழுக்கக் காசநோய் மருத்துவம் வீட்டுக்கு வந்தது அதன்பிறகுதான்.

இன்னொரு குறை இதைவிடப் பெரியது. காப்பகத்தில் அடைபட்டவர்களிடமும் காட்டில் இறக்கிவிடப்பட்ட கூலிகளிடமும் இன்றைய பொருளில் ஒப்புதல் பெறும் வழக்கமே அன்று இல்லை. வேண்டாம் என்று விலகிப்போகும் வழியும் அவர்களுக்கு இல்லை. அரசின் கையில் அகப்பட்டிருந்தவர்கள் என்பதாலேயே அவர்கள் உணவை முழுதாகக் கட்டுப்படுத்த முடிந்தது. ஆய்வின் துல்லியமே அவர்களுடைய அடிமைத்தனத்திலிருந்து பிறந்தது. இதைச் சொல்லாமல் ஃப்ளெட்சரைப் புகழ்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்றைய மலேசியாவில் மருந்தாய்வு நடத்துபவர் நன்னெறி ஆய்வுமுறைப் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். 1999-ல் நாடு தனக்கென அதற்கு வழிகாட்டி வெளியிட்டது. நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் எந்த ஆய்வும் தொடங்காது. பினாங்கிலேயே அறிவியல் பல்கலைக்கழகமும் மருத்துவக் கல்லூரியும் பொது மருத்துவமனையும் இளம் மருத்துவர்களை இத்துறையில் பழக்குகின்றன. அவர்களுக்கு லண்டன் ஆய்வுகளோடு கோலாலம்பூர்க் காப்பகத்தின் அட்டவணையையும் கொடுத்துப் பழக்கலாம். சேர்க்கை முறையை எப்படித் திருத்துவீர்கள், நோய் கண்டவரை எந்தக் கட்டத்தில் மறு உணவுக்கு மாற்றுவீர்கள், ஆய்வை எப்போது நிறுத்துவீர்கள் என்று கேட்கலாம்.

கடைசிக் கேள்விக்கு ஒரு கணக்கு உண்டு. இரண்டு குழுக்களும் ஏறத்தாழச் சம அளவு. அரிசிக்கும் நோய்க்கும் தொடர்பே இல்லையென்றால் ஒவ்வொரு மரணமும் எந்தப் பக்கமும் விழலாம், நாணயம் சுண்டியதுபோல. முதல் ஆறு மரணங்களும் ஒரே பக்கம் விழ வாய்ப்பு 32-ல் ஒன்று. பத்தும் ஒரே பக்கம் விழ வாய்ப்பு 512-ல் ஒன்று. இன்று ஒரு தனிக்குழு இடையிடையே இந்தக் கணக்கைப் பார்த்து, முன்பே எழுதிவைத்த எல்லை தாண்டியதும் ஆய்வை நிறுத்தச் சொல்லும். 1906-ல் அப்படி ஓர் எல்லை எழுதப்பட்டிருந்து, அது பத்தில் நின்றிருந்தால், பச்சரிசிக் கூடத்தில் அதன்பின் இறந்த எட்டுப் பேருக்கு அன்றே புழுங்கலரிசிச் சோறு கிடைத்திருக்கும்.