கெக் வாயுவேற்றம்

கெக் வாயுவேற்றம் என்பது, வீட்டில் தயாரித்து நொதித்து முடிந்த பியரில், கெக் எனப்படும் மூடிய உலோகக் கலனுக்குள் அழுத்தம் கொடுத்துக் கரியமில வாயுவைக் கரையச் செய்யும் முறை. அமெரிக்காவில் வீட்டுப் பியர் தயாரிப்புக்கு 1978-ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் வழிவிட்டது. குளிர்பானச் சாற்றுக்கென உருவான, சுமார் 19 லிட்டர் கொள்ளும் கார்னிலியஸ் கெக்கே அங்குப் பரவலாகப் பயன்படுகிறது.

கரையும் வாயுவின் அளவை வெப்பநிலையும் அழுத்தமும் தீர்மானிக்கின்றன. வில்லியம் ஹென்றி 1803-இல் வெளியிட்ட விதி இதற்கு அடிப்படை. குளிர்ந்த பியரில் வாயு அதிகம் கரையும். 3 டிகிரி செல்சியஸில் 12 பிஎஸ்ஐ அழுத்தத்தில் ஒன்றிரண்டு வாரம் வைத்தால், ஒரு லிட்டர் பியரில் ஏறத்தாழ 2.5 லிட்டர் வாயு கரைந்திருக்கும். 30 பிஎஸ்ஐ-இல் கலனைக் குலுக்கி விரைவாக முடிப்பதும் உண்டு. அதில் வாயு மிகுந்துபோவது எளிது என்பதால் பொறுமையான முறையே நம்பகமானது. ஊற்றும்போது நுரையே வந்தால் வாயு மிகுதி மட்டுமே காரணமன்று. ஊற்றுக்குழாய் குட்டையாக இருந்தாலும் அவ்வாறு நேரும்.