வேலியும் வர்த்தமானியும்: மன்னாரில் காணிக்கும் காட்டுக்கும் யாருக்கு உரிமை?

முசலிப் பிரதேசத்தின் முள்ளிக்குளம் மக்கள் 2007 செப்டெம்பரில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டனர். யுத்தம் முடிந்து திரும்பியபோது அங்கே கடற்படையின் வடமேல் கட்டளைத் தலைமையகம் இருந்தது. வீடு, வயலோடு கரைவலைப் பாடுகளுக்கான பாதையும் அவர்கள் கையில் இல்லை. 2017 மார்ச் 23 அன்று போராட்டம் தொடங்கினர். ஏப்ரல் 29 அன்று 100 ஏக்கரை விடுவிப்பதாகக் கடற்படைத் தளபதி அறிவித்தார்.

முள்வேலி கண்ணுக்குத் தெரியும். வர்த்தமானி அப்படியல்ல. மன்னாரில் பல இடங்களில் மக்களின் நடமாட்டத்தைத் தீர்மானிப்பது அதுதான்.

சரணாலயம்: 2008இல் பிரகடனப்படுத்தப்பட்ட வங்காலை இவ்வகை. சரணாலயத்துக்குள் தனியார் காணியும் இருக்கலாம். உள்ளே செல்ல அனுமதி தேவையில்லை. ஆனால் சொந்தக் காணியிலும் வேட்டையாட முடியாது.

இயற்கை ஒதுக்கிடம்: 2016இல் பிரகடனமான விடத்தல்தீவு இவ்வகை. இது அரச காணியில் மட்டுமே அமையும். அனுமதியின்றி உள்ளே செல்ல முடியாது.

இவ்விரண்டும் 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு உரியவை.

பாதுகாக்கப்பட்ட வனம்: 2017 மார்ச்சில் பிரகடனமான மாவில்லு இவ்வகை, வனவளத் திணைக்களத்துக்கு உரியது. மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி போன்ற ஊர்களை ஒட்டிய பகுதி. 1990 ஒக்டோபரில் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் திரும்பி வந்தபோது பழைய வளவுகள் பலவற்றில் காடு வளர்ந்திருந்தது. ஆளில்லாமல் போன ஊரும் ஆதிக்காடும் வரைபடத்தில் ஒரே பச்சைதான்.

வேட்டையிலும் எல்லையே முக்கியம். ஒதுக்கிடங்களுக்கு வெளியேயும் பெரும்பாலான காட்டு விலங்குகளைச் சட்டம் பாதுகாக்கிறது. வயலை அழிக்கும் காட்டுப்பன்றி அந்தப் பாதுகாப்புக்குள் வராது. ஆனாலும் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும்; கட்டுத்துவக்கு குற்றம்.

ஆகவே காணிப் பிரச்சினையோடு அலுவலகம் ஏறுமுன் ஒன்றைக் கேட்டு அறியுங்கள்: எங்கள் காணி எந்த வர்த்தமானியில், எந்தத் திணைக்களத்தின் கீழ் இருக்கிறது? கடற்படை பிடித்த காணிக்கு வனவளத் திணைக்களம் பதில் சொல்லாது. உறுதி, அனுமதிப்பத்திரம், பழைய வாக்காளர் இடாப்பு, கிணறும் கோயிலும் பள்ளிவாசலும் தெரியும் படங்கள் ஆகியவற்றின் பிரதிகளைச் சேர்த்து வையுங்கள். இது காடாவதற்கு முன் ஊராக இருந்தது என்பதற்கு அவைதான் சாட்சி.