டுவிட்டருக்கும் வர்த்தமானிக்கும் இடையே

முத்திரையிட்ட கடிதங்களில் இராஜதந்திரம் நடந்த காலம் ஒன்றிருந்தது. 2020 ஏப்ரலில் கொவிட் ஜனாஸாக்களை எரிப்பது இலங்கையில் கட்டாயமாயிற்று. டிசம்பரில் இருபது நாள் பாலகனொருவனும் எரிக்கப்பட்டபோது, பொரளை மயானத்தில் கட்டப்பட்ட வெள்ளைத் துணிகளின் படங்கள் கைத்தொலைபேசி வழியே கடல் கடந்தன.

2021 பெப்ரவரி 10ஆம் திகதி, அடக்கம் அனுமதிக்கப்படும் எனப் பிரதமர் மஹிந்த ராஜபக்ஷ பாராளுமன்றத்தில் சொன்னார். அன்றே பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் டுவிட்டரில் அதை வரவேற்றார். சபையில் சொன்ன சொல் உலகறிந்த வாக்குறுதியாயிற்று. எரிப்போ நிற்கவில்லை, நிபுணர் குழுவே தீர்மானிக்கும் என்றார்கள். 23ஆம் திகதி இம்ரான் கான் நேரில் வந்தார். ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவையும் கூடியிருந்தது. 25ஆம் திகதியிட்ட வர்த்தமானிதான் அடக்கத்துக்கு வழிவிட்டது.

அதுவும் ஓட்டமாவடியில் மட்டுமே, மார்ச் 5 முதல். 2022 மார்ச் வரை, பாலமுனையில் அந்நோயால் மௌத்தானவருக்கு ஊர் மையவாடி இருக்கவில்லை. கல்முனையும் மட்டக்களப்பும் தாண்டித்தான் ஜனாஸா போக வேண்டியிருந்தது.